அரைப் பங்கும் முழுப் பங்கும்: ராமநாதன் கிருஷ்ணன் பெரியவர்களோடு ஆடிய கதை

இந்த முறை கொஞ்சம் விளையாட்டு, கொஞ்சம் வரலாறு. கட்டுரை நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர் லைட்ஹவுஸ் குப்பம். பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மணல் திட்டில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறதே, அதை ஒட்டிய ஊர். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சின்னப் பையன் படகில் ஏறினால் அவனுக்கு அரைப் பங்கு. வலை இழுக்க, மீன் பிரிக்க, படகைத் தள்ள எல்லாவற்றுக்கும் வருவான். ஆனால் பணம் பிரிக்கும்போது அவனுக்குப் பாதிதான். முழுப் பங்கு எப்போது என்று கேட்டால் வயதைச் சொல்ல மாட்டார்கள். "பெரியவங்க செய்யிற வேலைய நீயும் செஞ்சு காட்டு, அப்பறம் பாக்கலாம்" என்பார் எங்கள் சித்தப்பா.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மாமா பையன் ஒருவன் இருக்கிறான். எனக்கு மச்சான். பள்ளிக்கூட நாட்களில் கபடியில் புலி. மாவட்ட அளவில் பையன்கள் பிரிவில் கோப்பை வாங்கியவன். ஊரே தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. பதினெட்டு முடிந்ததும் பெரியவர்கள் டீமில் சேர்த்தார்கள். இரண்டு ஆட்டம் ஆடினான். இரண்டிலும் முப்பது வயது ஆட்கள் அவனை மூட்டையைப் போலத் தூக்கிப் போட்டார்கள். மூன்றாவது ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. படகுக்குப் போய்விட்டான்.

"ஏன்டா மச்சான் விட்டுட்ட?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தோத்துட்டே இருந்தா வூட்ல யாருடா சோறு போடுவாங்க?" என்றான்.

அந்தப் பதில் எனக்குள் தங்கிவிட்டது. பையனாக இருக்கும்போது ஜெயித்தவன் ஆளான பிறகும் ஜெயிக்க வேண்டுமானால் நடுவில் என்ன நடக்க வேண்டும்? தமிழ்நாட்டில் இந்தத் தூரத்தைக் கடந்தவர் யார் என்று தேடினேன். கிடைத்த பெயர் ராமநாதன் கிருஷ்ணன். கபடி வீரர் இல்லை, டென்னிஸ் வீரர். இன்று நம் வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. எனக்கும் தெரியாது, தேடும் வரை.

கல்லூரிப் பந்தயத்தில் ஒரு பள்ளிச் சிறுவன்

ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது 1937 ஏப்ரல் 11, நாகர்கோவிலில். அப்பா டி.கே. ராமநாதன் நல்ல டென்னிஸ் ஆட்டக்காரர். மகனுக்கு முதல் பயிற்சியாளரும் அவர்தான். சிறுவர்களுக்கான போட்டிகளில் கிருஷ்ணன் ஒவ்வொன்றாக ஜெயித்துக்கொண்டே வந்தார். அதுவரை நம்ம மச்சான் கதை மாதிரியேதான்.

கதை மாறும் இடம் 1951. சென்னை லயோலா கல்லூரியில் பெர்ட்ராம் போட்டி என்று ஒன்று நடக்கும். அது கல்லூரி மாணவர்களுக்கான போட்டி. பள்ளி மாணவர்களுக்கு இடமில்லை. கிருஷ்ணனுக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயதுதான். விதிப்படி உள்ளே வர முடியாது. ஆனால் கல்லூரி முதல்வர் தனி அனுமதி கொடுத்தார். உள்ளே வந்த சிறுவன் என்ன செய்தான்? தன்னைவிட ஐந்தாறு வயது மூத்த அண்ணன்மார்களை எல்லாம் தோற்கடித்துப் பட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்! பின்னாளில் அதே லயோலாவில்தான் படிக்கவும் செய்தார்.

இந்தச் சம்பவத்தைப் படிக்கிறவர்கள் சிறுவனின் திறமையைத்தான் பாராட்டுவார்கள். எனக்கு அந்த முதல்வர் மேல்தான் மரியாதை வந்தது. விதி என்று ஒன்று இருந்தது. "தம்பி, காலேஜ் சேர்ந்ததும் வா" என்று சொல்லியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் கதவைத் திறந்தார். ஒரு சிறுவனுக்குப் பெரியவர்களோடு மோதிப் பார்க்கும் வாய்ப்பு, அவன் வயது நிரம்புவதற்கு முன்பே கிடைத்தது.

விம்பிள்டன் 1953, 1954

டென்னிஸில் விம்பிள்டன்தான் திருவிழா என்று உங்களுக்குத் தெரியும். லண்டனில் புல் தரையில் நடப்பது. ஆண்கள், பெண்கள் போட்டிகளோடு 1947 முதல் சிறுவர்களுக்கும் தனிப் போட்டி நடத்துகிறார்கள். 1953இல் பதினாறு வயது கிருஷ்ணன் அந்தப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போனார். அங்கே இங்கிலாந்தின் பில்லி நைட் என்பவரிடம் தோற்றார். அடுத்த வருஷம் திரும்ப வந்தார். 1954 இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரைத் தோற்கடித்துப் பட்டம் வென்றார். விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர்தான்.

நாடு சுதந்திரம் அடைந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. நம்மை ஆண்டவர்களின் ஊரில், அவர்களுடைய புல் தரையில், அவர்களுடைய விளையாட்டில் ஒரு தமிழ்ப் பையன் ஜெயித்துவிட்டு வருகிறான். யோசித்துப் பாருங்கள்.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கிருஷ்ணனிடம் தோற்ற அந்த ஆஷ்லி கூப்பர் நான்கு வருஷம் கழித்து, 1958இல், விம்பிள்டன் ஆண்கள் சாம்பியன் ஆனார். ஜெயித்த கிருஷ்ணனோ கடைசி வரை ஆண்கள் பட்டம் வாங்கவில்லை. அப்படியானால் சிறுவர் பட்டத்துக்கு என்னதான் மதிப்பு?

நான்கே பேர்

இந்தக் கேள்விக்கு விடை தேடினேன். 1947இலிருந்து 2025 வரை விம்பிள்டனில் சிறுவர் ஒற்றையர் பட்டம் வென்றவர்களில், பிறகு அதே விம்பிள்டனில் ஆண்கள் ஒற்றையர் பட்டமும் வென்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நான்கே பேர்.

சுவீடனின் பியோன் போர்க்: சிறுவர் பட்டம் 1972, ஆண்கள் பட்டம் முதன்முதலாக 1976.
ஆஸ்திரேலியாவின் பேட் கேஷ்: 1982, 1987.
சுவீடனின் ஸ்டெஃபான் எட்பர்க்: 1983, 1988.
சுவிட்சர்லாந்தின் ரோஜர் ஃபெடரர்: 1998, 2003.

வருஷங்களைக் கழித்துப் பாருங்கள். நான்கு, ஐந்து, ஐந்து, ஐந்து. ஃபெடரர் மாதிரி ஒரு மேதைக்கே ஐந்து வருஷம் பிடித்திருக்கிறது! நடுவில் இருக்கும் அந்த ஐந்து வருஷத்தில் அவர்கள் எல்லோரும் தோற்றிருக்கிறார்கள். முதல் சுற்றில் தோற்றிருக்கிறார்கள், பெயர் தெரியாதவர்களிடம் தோற்றிருக்கிறார்கள்.

ஏன் இப்படி? முதல் காரணம் ஆட்டத்தின் நீளம். சிறுவர் ஆட்டத்தில் மூன்று செட்டில் இரண்டு ஜெயித்தால் போதும். விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் ஆட்டத்தில் ஐந்தில் மூன்று ஜெயிக்க வேண்டும். கிருஷ்ணன் காலத்தில் டைபிரேக்கரும் கிடையாது. ஆறு ஆறு என்று சமமாக வந்தால் யாராவது ஒருவர் இரண்டு கேம் முந்தும் வரை செட் போய்க்கொண்டே இருக்கும். பத்து எட்டு, பன்னிரண்டு பத்து என்றெல்லாம் முடியும். இரண்டாவது காரணம் உடம்பு. பதினேழு வயது உடம்பும் இருபத்தைந்து வயது உடம்பும் ஒன்றல்ல. மூன்றாவது காரணம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் ஏற்கெனவே நூறு முறை தோற்றவர்கள். பின்தங்கி இருக்கும்போது என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும். சிறுவர் சாம்பியனுக்கு அது தெரியாது. ஏனென்றால் அவன் அதுவரை ஜெயித்துக்கொண்டுதானே இருந்தான்?

மச்சான் இரண்டு ஆட்டத்தில் நிறுத்தியது எனக்கு இப்போதுதான் புரிந்தது. அவனுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. பழகிக்கொள்ள நேரமும் இல்லை.

நடுவில் இருந்த வருஷங்கள்

கிருஷ்ணனுக்கு அந்த நேரம் கிடைத்தது. எப்படி?

ஒன்று, வீட்டிலேயே பயிற்சியாளர். தோற்றுவிட்டு வந்தால் "ஏன் தோற்றாய்" என்று திட்டும் அப்பா ஒரு வகை. எங்கே தோற்றாய் என்று மைதானத்தில் நின்று காட்டித் தரத் தெரிந்த அப்பா இன்னொரு வகை. டி.கே. ராமநாதன் ஆட்டம் தெரிந்தவர்.

இரண்டு, கல்லூரி. லயோலாவில் ஒரு மாணவனாக இருந்துகொண்டே ஆட முடிந்தது.

மூன்று, டேவிஸ் கோப்பை. இது நாடுகளுக்கிடையிலான அணிப் போட்டி. 1953இலேயே, அதாவது சிறுவர் விம்பிள்டன் பட்டம் வாங்குவதற்கு முன்பே, இந்திய அணியில் கிருஷ்ணனுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒரே காலத்தில் அவர் சிறுவர் போட்டியிலும் ஆடினார், நாட்டுக்காக வளர்ந்த ஆண்களை எதிர்த்தும் ஆடினார். ஒரு கால் அரைப் பங்கில், ஒரு கால் முழுப் பங்கில் என்று வைத்துக்கொள்ளுங்களேன் :-)

அவருடைய ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடி மாதிரி சர்வீஸ் போடுகிறவர் இல்லை அவர். சர்வீஸ்தான் அவருடைய பலவீனம் என்றே பலர் எழுதியிருக்கிறார்கள். அவருடைய பலம் கையின் மென்மை. வலைக்கு அருகே வந்து பந்து தரையில் படுவதற்கு முன்பே தட்டி விடுவது, பட்டு எழும்பும் நொடியில் தொட்டு விடுவது, எதிராளி நிற்காத இடமாகப் பார்த்து வைப்பது. இதற்குப் பெயர்தான் டச் டென்னிஸ். பலத்தால் ஜெயிக்கிறவனுக்கு உடம்பு வளர்ந்தால் போதும். இப்படி ஆடுகிறவனுக்கு எதிராளியைப் படிக்கத் தெரிய வேண்டும். பெரியவர்களைப் படிக்க வேண்டுமானால் பெரியவர்களோடு நிறைய ஆட வேண்டும். வேறு வழியில்லை.

1959: கதவு திறந்தது

சிறுவர் பட்டம் வாங்கி ஐந்து வருஷம் கழித்து 1959 வந்தது. அந்த வருஷம் லண்டன் குயின்ஸ் கிளப் போட்டியில் கிருஷ்ணன் பட்டம் வென்றார். விம்பிள்டனுக்கு முன்னோட்டமாக நடக்கும் பெரிய போட்டி அது. இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் ஆஸ்திரேலியாவின் நீல் ஃப்ரேசர். அதே வருஷம் டேவிஸ் கோப்பையில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடும்போது ராட் லேவரை நான்கு செட்டில் தோற்கடித்தார். லேவர் யார் என்று தெரியாதவர்களுக்கு: ஒரே வருஷத்தில் நான்கு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களையும் வெல்வதை 1962, 1969 என்று இரண்டு முறை செய்து காட்டியவர்.

விம்பிள்டனில் மட்டும் அந்த வருஷம் மூன்றாவது சுற்றிலேயே அலெக்ஸ் ஆல்மெடோவிடம் தோற்றுப்போனார். ஆல்மெடோதான் அந்த வருஷத்துச் சாம்பியன்.

1960இல் விம்பிள்டனில் அவருக்கு ஏழாவது தரவரிசை கொடுத்தார்கள். காலிறுதியில் சிலி நாட்டின் லூயிஸ் அயாலாவை வென்று அரையிறுதிக்கு வந்தார். அங்கே நீல் ஃப்ரேசரிடம் தோற்றார். ஃப்ரேசர்தான் அந்த வருஷத்துச் சாம்பியன்.

1961இல் மறுபடி வந்தார். காலிறுதியில் ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தினார். எமர்சன் பிற்பாடு விம்பிள்டனை இரண்டு முறை வென்றவர். அரையிறுதியில் ராட் லேவரிடம் தோற்றார். லேவர்தான் அந்த வருஷத்துச் சாம்பியன்.

கவனித்தீர்களா? மூன்று வருஷம் தொடர்ந்து அவரைத் தோற்கடித்தவர்தான் கோப்பையைத் தூக்கியிருக்கிறார். அவரைத் தாண்டாமல் யாரும் சாம்பியன் ஆகவில்லை என்று பெருமையாகச் சொல்லலாம். கிட்டே வந்தும் கிடைக்கவில்லையே என்று வருத்தமாகவும் சொல்லலாம். நான் இரண்டையும் சொல்வேன்.

1962இல் அவருக்கு நான்காவது தரவரிசை கிடைத்தது. விம்பிள்டனில் அவர் பெற்ற மிக உயர்ந்த தரவரிசை அது. ஆனால் கணுக்காலில் காயம். போட்டியின் நடுவிலேயே விலக வேண்டியதாயிற்று. நம்ம ஊரில் சொல்வார்களே, வலை நிறைய மீன் இருக்கும்போதுதான் கயிறு அறும் என்று!

காசு விஷயம்

மச்சான் கேட்ட கேள்விக்கு இங்கே வருகிறேன். தோற்றுக்கொண்டே இருந்தால் யார் சோறு போடுவது?

இன்று டென்னிஸ் என்றால் கோடிகள். அன்று அப்படி இல்லை. 1968 வரை விம்பிள்டனில் பரிசுப் பணமே கிடையாது. பணம் வாங்காமல் ஆடுகிற அமெச்சூர் வீரர்களுக்கு மட்டும்தான் அங்கே அனுமதி. பணம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் ஜாக் கிரேமர் நடத்திய தொழில்முறைக் குழு மாதிரி ஒன்றில் சேர வேண்டும். சேர்ந்த அன்றே விம்பிள்டன் கதவு மூடிவிடும். டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆடவும் முடியாது. ஆஷ்லி கூப்பர் பட்டம் வாங்கியதும் அந்தப் பக்கம் போனார். ஆல்மெடோ போனார். லேவரும் 1962க்குப் பிறகு போனார்.

கிருஷ்ணனுக்கும் கிரேமரிடமிருந்து அழைப்பு வந்தது. பெரிய தொகை. அவர் மறுத்துவிட்டார். தொடர்ந்து விம்பிள்டனிலும் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையிலும் ஆடினார். 1968இல் விம்பிள்டன் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டு முதன்முதலாகப் பரிசுப் பணம் தந்தபோது சாம்பியனுக்குக் கிடைத்தது 2,000 பவுண்டு. வாங்கியவர் ராட் லேவர். கிருஷ்ணனுக்கு அப்போது முப்பத்தொன்று வயது. அவருடைய உச்ச நாட்கள் பணம் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டன.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டென்னிஸ் அன்றும் இன்றும் வசதி வேண்டிய விளையாட்டு. மட்டை வேண்டும், மைதானம் வேண்டும், வெளிநாட்டுப் பயணம் வேண்டும். கபடிக்கு மணல் போதும். ஆகவே கிருஷ்ணனையும் மச்சானையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம் இல்லைதான். ஆனால் அதுதான் நான் சொல்ல வந்ததும். திறமை இருவருக்கும் இருந்திருக்கலாம். தோற்பதற்கான நேரம் ஒருவருக்குத்தான் இருந்தது.

கல்கத்தா, 1966

அந்த நேரம் வீண்போகவில்லை என்பதற்குச் சாட்சி 1966 டிசம்பர். டேவிஸ் கோப்பையில் இந்தியாவும் பிரேசிலும் கல்கத்தாவில் மோதின. ஜெயிக்கும் அணி ஆஸ்திரேலியாவோடு இறுதிச் சுற்றில் ஆடும். நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆட்டம்தான் தீர்ப்பு. கிருஷ்ணனை எதிர்த்து தாமஸ் கோக்.

கோக் இருபத்தொரு வயதுத் துடிப்பான இளைஞர். கிருஷ்ணனுக்கு இருபத்தொன்பது. கோக் மூன்று செட்டில் இரண்டை வென்றுவிட்டார். நான்காவது செட்டில் 5-2 என்று முன்னிலை. இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் பிரேசில் இறுதிச் சுற்றுக்குப் போய்விடும். மைதானத்தில் இருந்தவர்கள் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பலாமா என்று நினைத்திருப்பார்கள்.

கிருஷ்ணன் அந்த இடத்திலிருந்து தொடர்ந்து ஐந்து கேம் எடுத்தார். செட் 7-5. அடுத்த செட் 6-2. ஆட்டம் முடிந்தது. இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்குப் போனது.

இதைச் சிறுவர் சாம்பியன் ஒருவனால் செய்திருக்க முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. 5-2 என்று பின்தங்கி நிற்கும்போது கை நடுங்காமல் இருக்க, முன்பு பல முறை அந்த இடத்தில் நின்று தோற்றிருக்க வேண்டும். 1954இல் ஜெயித்த பையன் அந்த இடத்துக்கு வர பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

இறுதிச் சுற்று மெல்போர்னில். ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. நமக்குக் கிடைத்த அந்த ஒன்று இரட்டையர் ஆட்டம். கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து ஜான் நியூகோம்ப், டோனி ரோச் ஜோடியைத் தோற்கடித்தார்கள். உலகின் மிகச் சிறந்த இரட்டையர் ஜோடிகளில் ஒன்று அது.

மொத்தத்தில் டேவிஸ் கோப்பையில் கிருஷ்ணன் ஆடிய ஆட்டங்கள் 97. வென்றவை 69. அதில் ஒற்றையர் 50, இரட்டையர் 19. அர்ஜுனா விருது தொடங்கிய 1961ஆம் ஆண்டிலேயே அதைப் பெற்றார். 1962இல் பத்மஸ்ரீ, 1967இல் பத்மபூஷண்.

அப்பா வழியில் மகன்

கதை இதோடு முடிந்தால் ஒரு தனி மனிதரின் சாதனை என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் இருக்கிறாரே! 1961இல் சென்னையில் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் சொல்லிக்கொடுத்து வளர்ந்தவர். அப்பா சிறுவர் பட்டம் வென்று சரியாக இருபத்தைந்து வருஷம் கழித்து, 1979இல், அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை ரமேஷ் வென்றார். அதே வருஷம் பிரெஞ்சு ஓப்பன் சிறுவர் பட்டமும் அவருக்கே.

அவருக்கும் பெரியவர்கள் உலகம் சும்மா வழிவிடவில்லை. 1981, 1987 அமெரிக்க ஓப்பனிலும் 1986 விம்பிள்டனிலும் காலிறுதி வரை போனார். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போது உலகின் முதல் நிலை வீரராக இருந்த மேட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். சிறுவர் பட்டம் வாங்கிப் பத்து வருஷம் கழித்து! 1987இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவை எதிர்த்த டேவிஸ் கோப்பை அரையிறுதியிலும் தீர்ப்பு கடைசி ஆட்டத்தின் கையில்தான் இருந்தது. ரமேஷ் வாலி மஸூரை வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார். அப்பா கல்கத்தாவில் செய்ததை மகன் சிட்னியில் செய்தார்.

மூன்றாவதாக லியாண்டர் பயஸ். கல்கத்தாக்காரர் என்றாலும் சென்னையில் இருந்த பிரிட்டானியா அமிர்தராஜ் அகாடமியில் பயிற்சி பெற்றவர். 1990இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம். நடுவில் ஆறு வருஷம்.

இந்தியாவிலிருந்து விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டம் வென்றவர்கள் இந்த மூன்று பேர். மூவருக்கும் சென்னைத் தொடர்பு உண்டு. மூவருக்கும் பின்னால் ஒரு வீடோ ஒரு பயிற்சிக்கூடமோ நின்றிருக்கிறது. தோற்றுவிட்டு வந்த நாட்களிலும் அந்த இடம் அவர்களை விட்டுவிடவில்லை.

கடைசியாக

இதை எல்லாம் போன வாரம் ஊருக்குப் போனபோது மச்சானிடம் சொன்னேன். கரையில் உட்கார்ந்து வலை சரி பார்த்துக்கொண்டிருந்தான். பாதி கேட்டான், பாதி கேட்கவில்லை. பெர்ட்ராம் போட்டிக் கதையைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தச் சின்னப் பையன உள்ள வுட்டாங்களா?"

"வுட்டாங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனைப் பற்றிச் சொன்னான். கபடியில் நன்றாகப் பாடிப் போகிறானாம். காலைப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறானாம். "இப்பவே பெரியவங்களோட ஆட வுடணும்டா. இப்ப தோத்தா ஒன்னும் இல்ல. பதினெட்டுக்கு மேல தோத்தாதான் கஷ்டம்."

ராமநாதன் கிருஷ்ணன் பற்றி நான் இத்தனை பக்கம் படித்துத் தெரிந்துகொண்டதை அவன் வலையைப் பிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான்.

வரும் காணும் பொங்கலுக்கு ஊரில் கபடி நடக்கும். பெரியவர்கள் டீமில் அந்தப் பையனுக்கு ஒரு இடம் கொடுக்கச் சொல்லி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கப் போகிறோம். சித்தப்பா "சின்னப் பையன்டா, அரைப் பங்குதான்" என்பார். பரவாயில்லை. மச்சானும் கூட வருகிறேன் என்றிருக்கிறான்.